கோடு போட்டே வாழ்ந்தவர்: ஓவியர் கோபுலுவின் வேலைக் கதை

(இது ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா இருக்கட்டும்னு பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கோம்.)

போன தடவை டேட்டாபேஸ் பத்திப் பேசி பாதிப் பேரைத் தூங்க வைச்சேன்னு ஒரு கமெண்ட் வந்துச்சு. அதனால இன்னைக்குக் கோடிங் இல்ல, கோடு. பேனாவும் மையும் வச்சுப் போடுற கோடு.

இன்னைக்குப் பேசப்போறது ஒரு வேலையைப் பத்தி. பத்திரிகையில கதைக்குப் படம் போடுற வேலை. இப்போ அந்த வேலை கிட்டத்தட்ட இல்ல. ஆனா ஐம்பதுகள்ல தமிழ்நாட்டுல ஒரு பத்திரிகை ஓவியரோட கையெழுத்து, சினிமா நடிகர் முகம் மாதிரி வீட்டுக்கு வீடு தெரியும். அந்த வேலை எப்படி உருவாச்சு, எப்படிக் கரைஞ்சுது, அதுக்குள்ள இருந்த ஒருத்தர் எப்படிப் பிழைச்சார்? இதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு ஆளோட வேலை வாழ்க்கையை எடுத்துக்கலாம். கோபுலு. 1924ல பிறந்து 2015ல இறந்தவர்.

"யாரு கோபுலு?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தில்லானா மோகனாம்பாள் படம் தெரியும்ல? 1968ல சிவாஜி, பத்மினி நடிச்சது. படமாகுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே அது ஆனந்த விகடன்ல தொடர்கதையா வந்துடுச்சு. எழுதினவர் கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி'ங்கிற புனைபெயர்ல. சிக்கல் சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் தமிழ் வாசகர்கள் முதல்ல பார்த்தது தியேட்டர்ல இல்ல. கோபுலு வரைஞ்ச படத்துலதான்.

கோபாலன் கோபுலு ஆனது

இயற்பெயர் கோபாலன். தஞ்சாவூர்க்காரர். கும்பகோணத்துல இருந்த ஓவியப் பள்ளியில படிச்சார். அப்போ விகடன்ல படம் போட்டுட்டு இருந்தவர் மாலி. புல்லாங்குழல் மாலி இல்ல, இவர் ஓவியர் மாலி. தமிழ்ப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம்னா என்னன்னு காட்டின ஆள். கோபாலனுக்கு அவர்தான் ஹீரோ. நாற்பதுகளோட தொடக்கத்துல, பதின்ம வயசுல, சென்னைக்குப் போய் அவரைப் பார்த்தார்.

மாலி கொடுத்த டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். திருவையாறுல தியாகராஜர் பூஜை செய்த ராமர் பட்டாபிஷேகப் படத்தை நேர்ல பார்த்து வரைஞ்சுட்டு வரச் சொன்னார். யோசிச்சுப் பாருங்க. 'உனக்குப் பிடிச்சதை வரை'ன்னு சொல்லல. 'ஒரு இடத்துக்குப் போ, பார், பார்த்ததைக் கொண்டு வா'ன்னு சொன்னார். அந்தப் படம் விகடன் தீபாவளி மலர்ல வந்துச்சு. கோபாலனுக்கு 'கோபுலு'ன்னு பேர் வச்சதும் மாலிதான். நாமக்கல்லைச் சேர்ந்த சீனிவாசன்ங்கிற இன்னொரு இளைஞருக்கு 'சில்பி'ன்னு பேர் வச்சதும் அவரே.

இந்த ரெண்டு பேரும் ஒரே பத்திரிகைக்குள்ள ரெண்டு திசையில போனாங்க. சில்பி கோவில் கோவிலாப் போய் சிற்பங்களுக்கு முன்னாடி உட்கார்ந்து வரைஞ்சார். 'தென்னாட்டுச் செல்வங்கள்'ங்கிற பேர்ல அது விகடன்ல வருஷக்கணக்கா வந்துச்சு. கோபுலு மனுஷங்க பக்கம் திரும்பினார். கல்யாண வீடு, கச்சேரி மேடை, ரயில் பெட்டி, ஆபீஸ், திண்ணை. அட்டையில ஒரு நகைச்சுவைக் காட்சி, உள்ளே தொடர்கதைக்குப் படம், நடுவுல பேச்சே இல்லாத ஜோக்குகள். வசனம் இல்லாம மூணு நாலு கட்டத்துல ஒரு ஜோக்கைச் சொல்றது லேசுப்பட்ட வேலை இல்ல. வார்த்தை கைகொடுக்காதப்ப, தோள் எவ்வளவு குனிஞ்சிருக்கு, துண்டு எங்க கிடக்குன்னு ஒவ்வொன்னும்தான் கதை சொல்லணும்.

ஏன் கோட்டுப் படம்? இது ஒரு இன்ஜினியரிங் கேள்வி

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்தக் காலத்துல கேமரா இருந்துச்சு, போட்டோ இருந்துச்சு. அப்புறம் ஏன் வாராவாரம் ஒரு மனுஷன் உட்கார்ந்து வரையணும்? கலை மேல இருந்த மரியாதைன்னு சொல்லிடலாம். ஆனா அதைவிடப் பெரிய காரணம் அச்சு இயந்திரத்துக்குள்ள இருக்கு.

அப்போ அச்சடிச்சது லெட்டர்பிரஸ் முறையில. ஈய எழுத்துகளைக் கோர்த்து, மேல மை தடவி, காகிதத்தை வச்சு அழுத்துவாங்க. மேடா இருக்கிற இடம் மட்டும் காகிதத்துல பதியும். இதுல படம் வரணும்னா படத்தையும் மேடு பள்ளமா மாத்தணும். அதுக்குப் பேர் ப்ளாக்.

ஓவியர் இந்தியன் இங்க்ல வெள்ளை அட்டை மேல வரைவார். அச்சாகப்போற அளவைவிடப் பெருசா வரைவார், சுருக்கும்போது கோட்டுல இருக்கிற நடுக்கம் மறைஞ்சுடும்னு. அதைப் பெரிய கேமராவுல படமெடுத்து நெகட்டிவ் தயாரிப்பாங்க. வெளிச்சம் பட்டா இறுகிப்போற ஒரு பூச்சைத் துத்தநாகத் தகட்டுல பூசி, நெகட்டிவ் வழியா வெளிச்சம் காட்டுவாங்க. கோடு இருக்கிற இடத்துல பூச்சு இறுகி நிக்கும். மத்த இடத்தைக் கழுவிட்டு அமிலத்துல போட்டா, கோடு இல்லாத இடமெல்லாம் அரிச்சுப் பள்ளமாகும். மிஞ்சுற மேடுதான் படம். தகட்டை மரக்கட்டை மேல ஆணி அடிச்சு, ஈய எழுத்தோட உயரத்துக்குச் சமமாக்கி, எழுத்துகளோட சேர்த்து முடுக்கினா பக்கம் ரெடி.

இதுல சாம்பல் நிறமே கிடையாது பார்த்தீங்களா? மேடு, இல்லன்னா பள்ளம். கருப்பு, இல்லன்னா வெள்ளை. நம்ம பாஷையில சொன்னா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு பிட். நிழல் வேணும்னா பக்கத்துல பக்கத்துல மெல்லிய கோடுகளை இழுக்கணும். இருட்டு வேணும்னா குறுக்கும் நெடுக்குமா இழுக்கணும். ரொம்ப நெருக்கமா இழுத்தா மை அடைச்சுக்கிட்டுத் திட்டாயிடும். ரொம்ப மெல்லிசா இழுத்தா அமிலம் கோட்டையே தின்னுடும். ஆக, நல்ல பத்திரிகை ஓவியருக்குக் கையில பேனா இருந்தாலும் தலைக்குள்ள ஒரு ப்ளாக் மேக்கரும் அச்சுக்காரரும் உட்கார்ந்திருக்கணும்.

போட்டோவை அச்சடிக்கவும் வழி இருந்துச்சு, ஹாஃப்டோன்னு. போட்டோவைச் சின்னச் சின்னப் புள்ளிகளா உடைக்கிற முறை. ஆனா விலை குறைஞ்ச காகிதத்துல மை ஊறிப் பரவும். புள்ளிகள் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். முகம் கரி பூசின மாதிரி ஆயிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பர்ல நல்லா வரும், ஆனா அது விலை அதிகம், தீபாவளி மலர் மாதிரி விசேஷ இதழுக்குத்தான் கட்டுப்படியாகும். வாராவாரம் சாதாரணக் காகிதத்துல பளிச்சுன்னு வரக்கூடிய படம் கோட்டுப் படம் மட்டும்தான்.

அதாவது கோபுலு காலத்து ஓவியர்களுக்குக் கிடைச்ச வேலை, ஒரு டெக்னாலஜியோட குறையில இருந்து முளைச்ச வேலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முகம் கொடுக்கிற வேலை

தொடர்கதையில எழுத்தாளர் ஒரு பேரும் நாலு வரி வர்ணனையும் கொடுப்பார். முகம் கொடுக்கிறது ஓவியர். கல்கியில 1950ல தொடங்கின பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்டவர் மணியம். இன்னைக்கு வந்தியத்தேவன்னு சொன்னதும் கார்த்தி முகம் ஞாபகம் வருதுன்னா, உங்க தாத்தா பாட்டிக்கு மணியம் போட்ட முகம் வரும். தேவன் எழுதின துப்பறியும் சாம்புவுக்கு முதல்ல உருவம் கொடுத்தவர் ராஜு. பிறகு அது படக்கதையா வந்தப்போ வரைஞ்சவர் கோபுலு. அடுத்த தலைமுறையில, நம்ம தொழில்காரரான சுஜாதாவோட கணேஷ், வசந்துக்கு முகம் கொடுத்தவர் ஜெயராஜ்.

தில்லானாவுக்குக் கோபுலு ஏன் பொருந்தினார்னு யோசிச்சா, பதில் அவர் ஊர்லயே இருக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த ஒருத்தருக்கு நாகஸ்வரம், தவில், கோவில் திருவிழா எல்லாம் ஆராய்ச்சி பண்ணித் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்ல, தினசரி காதுல விழுந்தது. நாகஸ்வரக்காரர் வாத்தியத்தை எப்படிப் பிடிப்பார், தவில்காரர் எந்தப் பக்கம் கோலைப் பிடிப்பார், ஒத்து ஊதுறவர் எங்க நிப்பார்ங்கிறது தப்பா வந்தா காவிரிக் கரையில படிக்கிற ஒவ்வொருத்தருக்கும் உடனே தெரிஞ்சுடும்.

1963ல விகடன்ல சாவி எழுதின 'வாஷிங்டனில் திருமணம்' வந்துச்சு. அமெரிக்கப் பணக்காரப் பெண்மணி ஒருத்தர் செலவு பண்ணி, வாஷிங்டன்ல ஒரு தமிழ்க் கல்யாணத்தை நடத்திப் பார்க்கிற கதை. அப்பளம், ஜானவாசம், சம்பந்தி சண்டை எல்லாம் அமெரிக்காவுக்குப் போகுது. அதுக்கும் கோபுலுதான் படம். கதையோட சிரிப்பு முழுக்க ரெண்டு உலகத்தைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்துறதுல இருக்கு. அதை ஒரே சட்டத்துக்குள்ள காட்டுற வேலை ஓவியருக்கு.

எங்க நாசரேத் வீட்டுல பெரியம்மா கிட்ட இந்த மாதிரி பைண்டு பண்ணின தொடர்கதைகள் இருக்கு. வாராவாரம் பத்திரிகையில இருந்து பக்கத்தைக் கிழிச்சு, சேர்த்து, அட்டை போட்டுத் தைச்சது. "கதைய முதல்ல படிப்பீங்களா, படத்தப் பாப்பீங்களா?"ன்னு கேட்டேன். "எய்யா, பொஸ்தகம் கைக்கு வந்ததும் படத்தத்தான் பாப்போம். படத்தப் பாத்துட்டு இந்த வாரம் என்ன ஆகப்போகுதுன்னு சண்ட போடுவோம், பொறவு படிப்போம்"ன்னாங்க. யூடியூப் தம்ப்நெயில் பார்த்து நம்ம பண்றதும் அதேதான்.

எங்க ஊர் அதுல எங்க?

கோபுலுவைப் புகழ்ந்துட்டே போகலாம், ஆனா ஒன்னு சொல்லாம விட்டா சரியா இருக்காது. அந்தப் பக்கங்கள்ல வந்த தமிழ்நாடு பெரும்பாலும் தஞ்சாவூரும் மயிலாப்பூரும்தான். பஞ்சகச்சமும் மடிசாரும்தான். அது வரைஞ்சவங்க வளர்ந்த உலகம், பத்திரிகையை நடத்தினவங்களோட உலகமும் அதுதான். பனையேறுறவர், கருப்பட்டி காய்ச்சுற அம்மா, தூத்துக்குடி உப்பளத்துல வேலை பார்க்கிறவங்க, முத்துக்குளிக்கப் போன கடற்கரை மக்கள்னு எங்க பக்கத்து ஆட்கள் அதுல கண்ணுல படுறது அபூர்வம். பெண்களை வச்சுப் பண்ணின பல ஜோக்குகளை இன்னைக்குப் படிச்சா சிரிப்பும் வராது.

எங்க மாவட்டத்து வீடுகளுக்குப் படம் வேற வழியில வந்துச்சு, காலண்டர் வழியா. கோவில்பட்டியில இருந்தவர் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைஞ்சவர். கம்பெனி கலைஞ்சதும் கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச சாமி படங்கள் சிவகாசியில அச்சாகி ஊர் ஊராப் போச்சு. பத்திரிகை வாங்காத வீட்டுச் சுவர்லயும் காலண்டர் தொங்கும். கோபுலு காகிதத்துக்கு ஏத்த மாதிரி கோட்டைச் சிக்கனமாக்கினார், கொண்டையராஜு பல வண்ண அச்சுக்கு ஏத்த மாதிரி வண்ணத்தைக் கொட்டினார். ரெண்டு பேருக்கும் படம்ங்கிறது லட்சம் பிரதியாப் போற பொருள். மியூசியத்துல மாட்டுற ஒரே ஒரு பொருள் இல்ல.

அமெரிக்காவுல என்ன நடந்துச்சு

அதே காலத்துல அமெரிக்காவுல இந்த வேலை இன்னும் பெரிய அளவுல இருந்துச்சு. நார்மன் ராக்வெல் 1916ல இருந்து 1963 வரைக்கும் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டுக்கு 320க்கும் மேல அட்டைப் படம் போட்டார். அல் பார்க்கர்னு இன்னொருத்தர். லேடீஸ் ஹோம் ஜர்னல் அட்டையில ஒரே மாதிரி உடை போட்ட அம்மாவும் பொண்ணும் வர்ற படங்களால பிரபலமானவர். மத்தவங்க தன் ஸ்டைலைக் காப்பி அடிச்சதும் அவர் வேற ஸ்டைலுக்குத் தாவிடுவார். 1954 செப்டம்பர்ல காஸ்மோபாலிட்டன் இதழோட அஞ்சு கதைக்கும் அவரே, வெவ்வேறு பேர்ல, வெவ்வேறு பாணியில படம் போட்டார்.

இவ்வளவு திறமை இருந்தும் அந்த உலகம் சீக்கிரமே சரிஞ்சுது. கோலியர்ஸ் பத்திரிகை 1957 தொடக்கத்துல நின்னுச்சு. சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் 1969ல நின்னுச்சு. பிற்பாடு வேற வடிவத்துல வந்தாலும் பழைய வாரப் பத்திரிகை முடிஞ்சுபோச்சு. அந்த ஓவியர்கள் மோசமா வரைஞ்சதாலயா? இல்ல. விளம்பரம் கொடுக்கிற கம்பெனிகள் டிவி பக்கம் போயிட்டாங்க. பத்திரிகைகள் கலர் போட்டோவுக்கு மாறினாங்க. கலைஞன் பண்ணின தப்பு எதுவுமே இல்லாம ஒரு வேலை காணாமப் போகலாம். கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா உண்மை.

நம்ம ஊர்ல இது கொஞ்சம் மெதுவா வந்துச்சு. டிவி வீட்டுக்கு வீடு வந்ததே எண்பதுகள்ல. ஆஃப்செட் அச்சு பரவினதும் ப்ளாக் தேவையில்லாமப் போச்சு. பக்கம் முழுசையும் படமெடுத்துத் தகட்டுல ஏத்திடலாம். கோட்டுப் படமும் போட்டோவும் கிட்டத்தட்ட ஒரே செலவு. நான் முன்னாடி சொன்னேனே, டெக்னாலஜியோட குறையில முளைச்ச வேலைன்னு? அந்தக் குறை சரியானதும் வேலைக்குக் கீழ இருந்த தரை நகர ஆரம்பிச்சுது.

தரை நகர்றதுக்கு முன்னாடியே நகர்ந்தவர்

கோபுலு அறுபதுகள்லயே விகடன் வேலையை விட்டு விளம்பரத் துறைக்குப் போயிட்டார். எஃப்.டி. ஸ்டீவர்ட்ங்கிற விளம்பர நிறுவனத்துல விஷுவலைசர். விஷுவலைசர்னா, விளம்பரம் எப்படி இருக்கணும்னு முதல்ல வரைஞ்சு காட்டுற ஆள். தலைப்பு எங்க, படம் எங்க, கண்ணு முதல்ல எங்க போகணும், எவ்வளவு இடம் காலியா விடணும். ஆப் டிசைன் பண்றவங்களுக்கு இது புரியும், கிட்டத்தட்ட வயர்ஃபிரேம் போடுற வேலை. பிறகு 1972ல 'ஆட் வேவ்'னு சொந்தமா ஒரு விளம்பர நிறுவனமே தொடங்கினார். குங்குமம் பத்திரிகை, ஸ்ரீராம் சிட்ஸ், சன் டிவி லோகோக்கள் எல்லாம் அவர் கை பட்டது. அதாவது கோபுலுங்கிற பேரே தெரியாத நீங்களும் அவர் வேலையைப் பார்த்துதான் வளர்ந்திருக்கீங்க.

பத்திரிகைக்கு வரையறதையும் அவர் நிறுத்தல. வேற வேற பத்திரிகை, மலர்கள், புத்தகங்களுக்குத் தொடர்ந்து வரைஞ்சார். முதுமையில பக்கவாதம் வந்து வலது கை செயல்படாமப் போச்சு. வரையிற கை. என்ன பண்ணார் தெரியுமா? இடது கையால வரையப் பழகினார். அந்தப் படங்களும் அச்சாச்சு.

இதைத் தன்னம்பிக்கை மெசேஜா மாத்தி வாட்ஸப்ல போடலாம். ஆனா எனக்கு இதுல தெரியிறது வேற. ஒரு மனுஷனால எண்பதை நெருங்குற வயசுல கையை மாத்தி வரைய முடியுதுன்னா, திறமை விரல்ல மட்டும் இல்லன்னு அர்த்தம். கோடு எங்க தொடங்கி எங்க முடியணும்ங்கிற முடிவு கண்ணுலயும் மூளையிலயும் இருந்துச்சு. மாலி திருவையாறுக்கு அனுப்பினப்போ பழக்கினது அதைத்தான். ப்ளாக் அச்சு போச்சு, வாரப் பத்திரிகையோட செல்வாக்கு குறைஞ்சுது, கடைசியில வலது கையும் போச்சு. பார்க்கிற பழக்கம் கடைசி வரைக்கும் அவர் கூடவே இருந்துச்சு.

இப்போ நம்ம விஷயம்

எங்க சித்தி பொண்ணு தூத்துக்குடியில விஸ்காம் முடிச்சிருக்கா, நல்லா வரைவா. "அண்ணா, ஏஐ பத்து செகண்ட்ல படம் போடுது. நான் இதையே நம்பி இருக்கலாமா, இல்ல பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கவா?"ன்னு கேட்டா. சாஃப்ட்வேர்ல இருக்கிறவன்கிட்ட இதைக் கேட்கும்போது கேள்வியில கொஞ்சம் கோபமும் இருக்கும், நியாயம்தானே. நான் அவகிட்ட சொன்ன மூணு விஷயத்தை உங்ககிட்டயும் சொல்றேன்.

ஒன்னு: 'திறமை இருந்தா எல்லாம் சரியாயிடும்'னு யாராவது சொன்னா நம்பாதே. அல் பார்க்கர் காலத்து ஓவியர்களுக்குத் திறமை இல்லாமலா பத்திரிகைகள் மூடினாங்க? உன் வருமானம் யார் பாக்கெட்ல இருந்து வருதுன்னு பாரு. பத்திரிகை ஓவியருக்குச் சம்பளம் கொடுத்தது வாசகர் மட்டும் இல்ல, விளம்பரதாரரும்தான். அந்தப் பணம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து நகரணும். கோபுலு போனது பணம் இருந்த பக்கம்தான், அதுல கேவலம் எதுவும் இல்ல.

ரெண்டு: மெஷினைத் தெரிஞ்சுக்கோ. அவங்க அமிலம் கோட்டை எவ்வளவு தின்னும்னு தெரிஞ்சு வரைஞ்சாங்க. நீ வரையிற படம் எந்த ஸ்கிரீன்ல, எந்த அளவுல, எந்த மென்பொருள் வழியாப் போகுதுன்னு தெரிஞ்சு வரை. ஏஐ எங்க தடுமாறுதுன்னும் பார். தவில்காரர் கையைத் தப்பாப் போடும், பனை மரத்தைத் தென்னை மாதிரி போடும். எங்க ஊரு அந்தப் பழைய பத்திரிகைகள்ல எவ்வளவு குறைவா இருந்துச்சோ, இணையத்துலயும் அவ்வளவு குறைவாத்தான் இருக்கு. நேர்ல போய்ப் பார்த்தவங்களுக்குத்தான் அங்க வேலை இருக்கு. எவ்வளவு நாளைக்குன்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது.

மூணு, இதை எல்லாரும் எழுதி வச்சுக்கோங்க: உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17. நீங்க ஒரு பத்திரிகையில சம்பளத்துக்கு வேலை பார்த்து அதுல வெளியிடுறதுக்காக வரைஞ்சா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, பத்திரிகையில வெளியிடுற உரிமை முதலாளிக்கு. ஆனா மத்த உரிமைகள் வரைஞ்சவருக்கு. இந்தச் சலுகை பத்திரிகை வேலைக்குத்தான். வேற கம்பெனியில சம்பளத்துக்கு வரைஞ்சா முழு உரிமையும் பொதுவா கம்பெனிக்குத்தான் போகும். காசு வாங்கிட்டு ஒருத்தர் கேட்டு வரைஞ்சு கொடுக்கிற உருவப்படம், பெயின்டிங் மாதிரி வேலையில, ஒப்பந்தம் வேற மாதிரி சொல்லலன்னா, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். பிரிவு 19 இன்னொன்னு சொல்லுது: உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கிறது எழுத்துல, கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலன்னா அஞ்சு வருஷம், எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியா முழுக்கன்னு எடுத்துக்கணும்.

'தம்பி, லோகோ ஒன்னு போட்டுத் தாங்க, நம்ம கடைதானே'ன்னு வர்ற வாட்ஸப் மெசேஜுக்கும் ஒரு மெயில்ல ரெண்டு வரி எழுதி வாங்குங்க. என்ன வேலை, எவ்வளவு காசு, எங்க பயன்படுத்தலாம், உங்க பேர் வருமா வராதா. உரிமையையே கைமாத்திக் கொடுக்கிறதா இருந்தா மெயில் பத்தாது, கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். அந்தக் காலத்து ஓவியர்களுக்குப் படத்தோட மூலையில கையெழுத்து இருந்துச்சு. எழுத்தாளர் பேர் தெரியிற அளவுக்கு அவங்க பேரும் தெரிஞ்சதுக்கு அந்த மூணு நாலு எழுத்துதான் காரணம். உங்க படத்துல உங்க பேர் இருக்கான்னு பாருங்க.

சித்தி பொண்ணு என்ன முடிவு எடுத்தான்னு கேட்பீங்க. பேங்க் எக்ஸாமுக்கும் படிக்கிறா, வரையவும் வரையறா. ரெண்டுல ஒன்னை இப்பவே விடச் சொல்ல எனக்கு வாய் வரல.

ஒரு சின்ன வேலை கொடுத்துட்டு முடிச்சுக்கிறேன். வீட்டுப் பரண்லயோ, பழைய புத்தகக் கடையிலயோ, ஊர் நூலகத்துலயோ ஒரு பழைய தொடர்கதை பைண்டிங்கைத் தேடுங்க. கதையைப் படிக்காதீங்க. ஒரே ஒரு படத்தை எடுத்து, மொபைலைத் தூர வச்சுட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க. எது கோடு, எது காலி இடம், எங்க நிழல், மூலையில யாரோட கையெழுத்து. கையெழுத்தைக் கண்டுபிடிச்சீங்கன்னா அந்தப் பேரை எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அந்தப் பேர்களையெல்லாம் வாசிக்கலாம்.